நவஹோ முன்னாள் படைவீரர்கள்: போகிற வழியில் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் வசிக்கிறேன். கிராண்ட் கேன்யன், மான்யுமென்ட் வேலி என்று விடுமுறைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் வழியில் எங்கள் வீட்டில் ஓரிரவு தங்கிவிட்டுப் போவார்கள். சாலை நவஹோ நாட்டுக்குள் புகுந்துதான் போகிறது. கடைவாசலிலும் பெட்ரோல் பங்க்கிலும் படைப்பிரிவின் பெயர் பொறித்த தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் முதியவர்களைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போய்வர முடியாது. அவர்களில் சிலரோடு பழகும் பேறு எனக்குக் கிடைத்திருக்கிறது. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நான் நவஹோ இல்லை. வெளியாரிடம் சொல்லலாம் என்று அவர்கள் வைத்திருப்பதை மட்டுமே எழுதுகிறேன்.

நவஹோன்னா யாரு? இன்னும் இருக்காங்களா, இல்ல மியூசியத்துலதான் பார்க்கணுமா?

நன்றாகவே இருக்கிறார்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூன்று மாநிலங்களிலும் பரவியிருக்கும் அவர்களது நிலம் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். விண்டோ ராக் தலைநகர். தனி அரசு, சட்டமன்றம், நீதிமன்றம், காவல்துறை எல்லாம் உண்டு. பதிவு பெற்ற மக்கள் தொகை ஏறத்தாழ நான்கு லட்சம். தங்களுக்குள் 'தினே' என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

நான்கு திசைக்கும் நான்கு புனித மலைகள் எல்லை. மேற்கு மலை எங்கள் ஃபிளாக்ஸ்டாஃபுக்கு மேலே நிற்கும் சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள்தான். நமக்கு அது பனிச்சறுக்கு விளையாடும் இடம். அவர்களுக்கு வழிபடும் இடம். இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் பல விஷயங்கள் தானாகப் புரியும்.

'இந்தியன்'னு சொன்னா கோபப்படுவாங்களா? நாங்களே இந்தியாலேர்ந்துதான் வர்றோம்!

வயதான படைவீரர்கள் பலர் தங்களையே 'இந்தியன்' என்று சொல்லிக்கொள்வார்கள். நாம் சொல்லும்போது 'நவஹோ' அல்லது 'தினே' என்பதே முறை. இந்தியாவிலிருந்து வருகிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் சிரிப்பார்கள். 'செவ்விந்தியர்' என்று தமிழில் எழுதும் பழக்கத்தை மட்டும் நாம் விட்டுவிடலாம்.

அமெரிக்கா அவங்களை அவ்வளவு கொடுமைப்படுத்துச்சே, அதே ராணுவத்துல எதுக்குப் போய்ச் சேர்ந்தாங்க?

இந்தக் கேள்வி வராத நாளில்லை. கொடுமை என்றால் சாதாரணக் கொடுமையில்லை. 1863-64இல் கிட் கார்சன் தலைமையில் வந்த படை சோளக் கொல்லைகளை எரித்தது, பீச் பழ மரங்களை வெட்டிச் சாய்த்தது, ஆடுகளைக் கொன்றது. பட்டினியில் சரணடைந்தவர்களை நியூ மெக்சிகோவின் கிழக்கே போஸ்க் ரெடோண்டோ முகாமுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்தியே கொண்டுபோனார்கள். அடைத்து வைக்கப்பட்ட எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் ஊர் திரும்பவில்லை. 1868 ஜூன் 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் மீதிப்பேர் சொந்த மண்ணை மிதித்தார்கள். அடுத்த தலைமுறைகளின் பிள்ளைகளை அரசு விடுதிப் பள்ளிகளில் போட்டு, தாய்மொழி பேசினால் வாயைச் சோப்பால் கழுவினார்கள். 1930களில் மேய்ச்சல் நிலம் கெடுகிறது என்று சொல்லி அவர்களது ஆடுமாடுகளை அரசே பெருமளவில் அழித்தது.

இவ்வளவுக்கும் பிறகு, 1940 ஜூனில் நவஹோ பழங்குடி மன்றம் அமெரிக்காவைக் காப்போம் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஏன் என்று வியட்நாமில் போரிட்ட ஒருவரிடம் கேட்டேன். டூபா சிட்டி சந்தையில் அவர் மனைவி ஆட்டிறைச்சி சுட்டு, எண்ணெயில் பொரித்த ரொட்டியில் சுற்றி விற்றுக்கொண்டிருந்தார். அவர் பதில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு சந்தைக்கு அப்பால் தெரிந்த சிவப்பு மேட்டை உதட்டைக் குவித்துக் காட்டி, இந்த மண்ணுக்காகப் போனேன், அதன்மேல் எந்தக் கொடி பறக்கிறது என்பது அப்புறம் என்றார். எல்லோரும் இதையே சொல்வதில்லை. வேலை கிடைக்காமல் போனவர்கள் உண்டு. அப்பாவும் மாமாவும் போனதால் போனவர்கள் உண்டு. விடுதிப் பள்ளியின் கெடுபிடியில் வளர்ந்ததால் ராணுவப் பயிற்சி பெரிதாகத் தெரியவில்லை என்று சொன்னவர்களும் உண்டு.

கோட் டாக்கர்னு சொல்றாங்களே, அவங்க சரியா என்னதான் பண்ணாங்க?

கோட் டாக்கர் என்றால் சங்கேதத்தில் பேசிச் செய்தி அனுப்பியவர். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையான மரைன் படைக்கு ஒரு தொல்லை இருந்தது: வானொலியில் அனுப்பும் செய்தியை ஜப்பானியர் ஒட்டுக்கேட்டுப் புரிந்துகொண்டார்கள். இயந்திரத்தில் மறைகுறியாக்கி அனுப்பினால் நேரம் பிடித்தது. பாதிரியாரின் மகனாக நவஹோ மண்ணில் வளர்ந்த பிலிப் ஜான்ஸ்டன் 1942இல் நவஹோ மொழியைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு மே மாதம் 29 இளைஞர்கள் சேர்க்கப்பட்டார்கள். சங்கேதத்தை உருவாக்கியவர்கள் அந்த 29 பேர். ஜான்ஸ்டன் சொன்னது யோசனை மட்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், பல இடங்களில் பெருமை முழுவதும் அவருக்கே போய்விடுகிறது.

அவர்கள் தம் மொழியில் ஏற்கெனவே இருந்த சொற்களைப் போருக்கு ஒதுக்கினார்கள். ஆமை என்றால் டாங்கி. இரும்பு மீன் என்றால் நீர்மூழ்கி. ரீங்காரச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) சண்டை விமானம், பிணந்தின்னிக் கழுகு குண்டுவீச்சு விமானம், அது போடும் முட்டைகள் குண்டுகள். உருளைக்கிழங்கு கைக்குண்டு. அமெரிக்காவுக்கு 'எங்கள் அம்மா' என்று பெயர். ஆடு மேய்த்து வளர்ந்த பையன்கள் அன்றாடம் பார்த்த உயிர்களை வைத்துச் செய்த பட்டியல் அது. தொடக்கத்தில் இருநூற்றுச் சொச்சமாக இருந்த சொற்கள் போர் முடியும்போது 411 ஆயின. பட்டியல் முழுவதும் மனப்பாடம். களத்தில் ஒரு துண்டுத்தாள்கூடக் கையில் வைத்திருக்கக் கூடாது.

பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் எழுத்துக்கூட்டுவார்கள். ஜப்பானின் இவோ ஜிமா தீவிலுள்ள சுரிபாச்சி (Suribachi) மலைக்கு 'எஸ்' என்ற எழுத்துக்குச் செம்மறியைக் குறிக்கும் நவஹோ சொல், 'பி'க்குக் கரடி, 'சி'க்குப் பூனை, 'ஹெச்'சுக்குக் குதிரை என்று வரிசையாகப் போகும். எதிர்முனையில் இருப்பவர் அவற்றை மனதுக்குள் ஆங்கிலமாக்கி முதலெழுத்துகளைக் கோப்பார். 'ஏ' போல அடிக்கடி வரும் எழுத்துக்கு எறும்பு, ஆப்பிள், கோடரி என்று மூன்று சொற்கள். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து எதிரியால் கண்டுபிடிக்க முடியாது. இவோ ஜிமாவின் முதல் இரண்டு நாளில் ஆறு பேர் மாறிமாறி உட்கார்ந்து 800க்கும் மேற்பட்ட செய்திகளைப் பிழையில்லாமல் அனுப்பி வாங்கினார்கள். நவஹோக்கள் இல்லையென்றால் அந்தத் தீவைப் பிடித்திருக்கவே முடியாது என்று மேஜர் ஹோவர்ட் கானர் சொன்னது அதனால்தான். போர் முழுவதிலும் இந்தப் பணியில் இருந்தவர்கள் சுமார் 400 பேர்.

அவங்க மொழியே ஜப்பான்காரங்களுக்குப் புரியாதே, அப்புறம் தனியா கோட் எதுக்கு?

யாரோ ஒரு நவஹோ எதிரியிடம் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்தார்கள். அப்படியே நடந்தது. நியூ மெக்சிகோவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் போயிருந்த படையில் ஜோ கியூமியா என்ற நவஹோ வீரர் பிடிபட்டு, போர்க்கைதிகளை நாள்கணக்கில் நடத்திப் பலரைச் சாகடித்த பட்டான் மரண நடையில் தப்பிப் பிழைத்து, ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டார். ஒட்டுக்கேட்ட செய்திகளுக்குப் பொருள் சொல்லும்படி அவரைச் சித்திரவதை செய்தார்கள். காதில் விழுந்தது அவருடைய தாய்மொழிதான். ஆனால் ஆமையும் முட்டையும் உருளைக்கிழங்கும் எதற்குச் சேர்ந்து வருகின்றன என்று அவருக்கே விளங்கவில்லை. அவர் கோட் டாக்கர் இல்லை; அப்படி ஒரு சங்கேதம் இருப்பதே அவருக்குத் தெரியாது. கோட் டாக்கர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

கோட் டாக்கர் பிடிபட்டா சொந்தப் படையே சுட்டுடணும்னு ஆர்டர் இருந்துச்சாமே?

சினிமா வழியாகப் பரவிய பேச்சு இது. அப்படி ஓர் உத்தரவு இருந்தது என்பது இன்றுவரை சர்ச்சைக்குரியது. உறுதியான உண்மையாகச் சொல்ல முடியாது. சிலருக்கு மெய்க்காவலர் போட்டது உண்மை. அதற்குத் தெளிவான காரணம் இருந்தது: முகச்சாயலைப் பார்த்து அமெரிக்கச் சிப்பாய்களே அவர்களை ஜப்பானியர் என்று நினைத்துத் துப்பாக்கியை நீட்டிய சம்பவங்கள் நடந்தன. முதியவர்களைச் சந்திக்கும்போது இதைப் பரபரப்புச் செய்தியாகக் கேட்காதீர்கள்.

அப்போ நவஹோ வெட்டரன்னா எல்லாருமே கோட் டாக்கர்தானா?

இல்லை. நீங்கள் இன்று நேரில் பார்க்கும் பெரும்பாலானோர் வியட்நாமுக்கோ, ஈராக்குக்கோ, ஆப்கானிஸ்தானுக்கோ போனவர்கள். அவர்களில் பெண்களும் உண்டு. தொப்பியைப் பார்த்ததும் "நீங்க கோட் டாக்கரா?" என்று கேட்கும்போது, எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவரின் வியட்நாமை நாம் ஒரே வார்த்தையில் அழித்துவிடுகிறோம். தொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இவோ ஜிமாவில் கொடி நட்ட புகைப்படத்தில் இருக்கும் ஐரா ஹேஸ், பிமா இனத்தவர். 2003இல் ஈராக்கில் உயிரிழந்த லோரி பியெஸ்டேவா டூபா சிட்டியில் பிறந்தவர், அவர் ஹோப்பி. முதல் உலகப்போரில் சோக்டா வீரர்களும், இரண்டாம் போரில் ஐரோப்பாவில் கொமாஞ்சி வீரர்களும் தத்தம் மொழியில் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். எல்லாரையும் நவஹோ கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

கோட் டாக்கர்ல இப்போ யாராவது உயிரோட இருக்காங்களா?

முதல் 29 பேரில் கடைசியாக இருந்த செஸ்டர் நெஸ் 2014 ஜூனில் மறைந்தார். பிறகு சேர்ந்தவர்களில் ஜான் கின்செல் 2024 அக்டோபரில் தம் 107ஆம் வயதில் காலமானபோது, பீட்டர் மெக்டொனால்ட், தாமஸ் பிகே என்று இருவரே எஞ்சியிருந்தார்கள். அந்த வயதில் அவர்களைத் தேடிப்போய்ப் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நிறையவே சந்திக்கலாம்.

பழைய படங்களில் அவர்கள் சிவப்புத் தொப்பியும் மஞ்சள் சட்டையும் வெளிர்நிறக் கால்சட்டையும் அணிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மஞ்சள், சோளப்பூவின் மகரந்தத்தின் நிறம். விடியலில் கிழக்கு நோக்கி நின்று அதைத் தூவித்தான் பிரார்த்தனை செய்வார்கள். போருக்குப் போனபோது சிறு தோல்பையில் அந்த மகரந்தத்தைக் கொண்டுபோனவர்கள் உண்டு.

எங்க போனா இதெல்லாம் பார்க்கலாம்?

மான்யுமென்ட் வேலிக்குப் போகிறவர்கள் கயென்டாவைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்குள்ள பர்கர் கிங் கடைக்குள்ளேயே கிங் மைக் என்ற கோட் டாக்கரின் குடும்பம் ஒரு சிறு கண்காட்சி வைத்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் போர்க்களத்துப் பொருள்களும் படங்களும் இருக்கும். அதை ஒட்டியே மேசை போட்டுப் பிள்ளைகள் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருப்பார்கள்.

நேரம் இருந்தால் விண்டோ ராக் வரை போங்கள். ஊருக்குப் பெயர் தந்த ஓட்டைப் பாறையின் அடியிலேயே நினைவுப் பூங்கா இருக்கிறது: கோட் டாக்கர் சிலை, நான்கு திசைகளைக் குறிக்கும் வட்டப் பாதை, வீரர்களின் பெயர் பொறித்த எஃகுத் தூண்கள், உட்கார்ந்து அமைதியாக இருக்க ஓரிடம். ஆகஸ்ட் 14 கோட் டாக்கர் நாள். 1982இல் ரீகன் அறிவித்தது. ஒரு நடைமுறைக் குறிப்பு: கோடையில் அரிசோனா கடிகாரத்தை மாற்றாது, நவஹோ நாடு மாற்றும். யாரையாவது பத்து மணிக்குப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தால், யாருடைய பத்து மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நவஹோ நிலத்துக்குள் மது கொண்டுபோகத் தடை உண்டு.

ஒரு பெரியவரைப் பார்த்தா பேச்சை எப்படி ஆரம்பிக்கிறது?

முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள். வேலை, கம்பெனியெல்லாம் அப்புறம். எந்த ஊர், யார் பிள்ளை என்பதே அவர்களுக்கு அறிமுகம். தினே மக்கள் நான்கு குலங்களைச் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்துவார்கள்: அம்மாவின் குலம், அப்பாவின் குலம், அம்மாவைப் பெற்ற தாத்தாவின் குலம், அப்பாவைப் பெற்ற தாத்தாவின் குலம். பிள்ளை அம்மாவின் குலத்தைச் சேரும். நாம் பங்காளி வகையில் பெண் எடுக்காத மாதிரி, ஒரே குலத்தில் அவர்களும் மணம் செய்வதில்லை. நமக்கு அப்பா வழி, அவர்களுக்கு அம்மா வழி. நம் ஊரில் முன்பின் தெரியாத பெரியவரைத் தாத்தா என்கிறோமே, அங்கும் 'ஷிச்செய்' என்று இளையவர்கள் அழைப்பதைக் கேட்கலாம். நாம் முதல் சந்திப்பிலேயே உறவு கொண்டாட வேண்டாம். 'சார்' போதும்.

கைகுலுக்கும்போது கையை இறுக்கக் கூடாது. மெல்லத் தொட்டால் போதும். கண்ணையே உற்றுப் பார்க்க வேண்டாம். விரலை நீட்டிச் சுட்டுவது மரியாதையில்லை. மிக முக்கியம், அவர் பேச்சை நிறுத்தினால் முடித்துவிட்டார் என்று நினைத்து நீங்கள் தொடங்காதீர்கள். டூபா சிட்டிப் பெரியவர் சொன்ன பதிலை மேலே எழுதினேனே, நடுவில் நான் வாயைத் திறந்திருந்தால் அது வந்திருக்காது.

போர்ல எத்தனை பேரைக் கொன்னீங்கன்னு பையன் கேட்டுட்டான்னா?

கேட்காதபடி முன்பே சொல்லிவையுங்கள். எந்த நாட்டுப் படைவீரரிடமும் கேட்கக் கூடாத கேள்விதான். தினே மரபில் இன்னும் கூடுதலான காரணம் இருக்கிறது. இறந்தவரின் உடலைத் தொடுவது, இறந்தவரைப் பற்றிச் சும்மா பேசிக்கொண்டிருப்பது எல்லாம் உயிரோடிருப்பவருக்கு நோயைக் கொண்டுவரும் என்பது அவர்கள் நம்பிக்கை. வீட்டில் யாராவது இறந்தால் அந்த வீட்டையே கைவிடும் வழக்கம் இருந்தது. அப்படி வளர்ந்த பதினெட்டு வயதுப் பையனை எடுத்துக்கொண்டுபோய்ப் பிணங்கள் மிதக்கும் கடற்கரையில் இறக்கிவிட்டால் அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அந்த நினைப்போடு பேசினால் தவறான கேள்வி வாயில் வராது.

பயிற்சி முகாம், சாப்பாடு, கூட இருந்த நண்பர்கள், ஊருக்குத் திரும்பி வந்த நாள், ஆடுகள், பேரப்பிள்ளைகள் என்று எதைக் கேட்டாலும் உற்சாகமாகப் பேசுவார்கள். போரைப் பற்றிச் சொல்ல விரும்பினால் அவர்களே அங்கு வருவார்கள்.

திரும்பி வந்தவங்களுக்கு ஏதோ சடங்கு செய்வாங்களாமே? நாங்க பார்க்கலாமா?

ஆங்கிலத்தில் 'எனிமி வே' என்று சொல்லப்படும் சடங்கு அது. முந்தின பதிலில் சொன்ன நோயிலிருந்து, அதாவது எதிரியின் மரணம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்ற நிலையிலிருந்து, வீரனை விடுவித்துச் சமநிலைக்குக் கொண்டுவருவதற்காகச் செய்வது. கோடையில், பல நாட்கள் நடக்கும். உறவினர் ஊர் ஊராகத் திரண்டு வருவார்கள். ஆடு, மாவு, விறகு என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவருவார்கள். செஸ்டர் நெஸ்ஸுக்கும் போரிலிருந்து வந்தபின் கெட்ட கனவுகள் தொல்லை தந்தபோது குடும்பத்தார் இதைச் செய்திருக்கிறார்கள். போருக்கு அனுப்பும் முன் காப்புக்காகச் செய்யும் சடங்குகள் வேறு.

அழைத்தால் போங்கள். அழைக்காமல் சாலையோரத்தில் கூட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தாதீர்கள். கைபேசியை வண்டியிலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே என்ன பாடுகிறார்கள், என்ன பொருள்கள் வைக்கிறார்கள் என்பதெல்லாம் வெளியில் எழுதுவதற்கில்லை, நானும் எழுதப்போவதில்லை.

சடங்கு செஞ்சா மனசு சரியாயிடுமா? டாக்டர்கிட்ட போகவேண்டியதில்லையா?

இரண்டும் வேண்டும் என்பவர்களே நான் பழகியவர்களில் அதிகம். சடங்கில் என்னைத் தொட்டது இது: நோய்ப்பட்டவர் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து பேசுவதில்லை, ஊரே அவருக்காக வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறது. நீ எங்களில் ஒருவன், திரும்பி வந்துவிட்டாய் என்று உடம்பாலேயே சொல்கிறார்கள். எந்த மருத்துவமனையாலும் இதைத் தர முடியாது. ஆனால் எல்லாருக்கும் இது வாய்ப்பதில்லை. செலவு அதிகம், பாடிச் சடங்கை நடத்தும், முறையாகத் தெரிந்த பாடகர்கள் குறைந்துவிட்டார்கள், கிறித்தவக் குடும்பங்கள் சில இதைச் செய்வதில்லை. வியட்நாமிலிருந்து திரும்பிக் குடியில் விழுந்து, பல ஆண்டுகள் கழித்தே சடங்கும் சிகிச்சையும் பெற்று எழுந்தவர்களும் இருக்கிறார்கள்.

போர் முடிஞ்சு வந்ததும் அரசாங்கம் நல்லா கவனிச்சுதா?

இல்லை. 1924லேயே குடியுரிமை தந்தாயிற்று என்றாலும் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் 1948 வரை அவர்களால் ஓட்டுப் போட முடியவில்லை. அதுவும் வழக்குப் போட்டுத்தான் கிடைத்தது. இவோ ஜிமாவில் நின்றவர் ஊருக்கு வந்து வாக்குச்சாவடி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார். படைவீரர்களுக்கான வீட்டுக்கடனும் எட்டாக்கனிதான். பழங்குடி நிலம் ஒன்றிய அரசின் பொறுப்பில் இருப்பதால் அதை அடமானம் வைக்க முடியாது, அடமானம் இல்லாமல் வங்கி கடன் தராது. இதற்கென்று நேரடிக் கடன் திட்டம் வந்தது 1992இல். அதற்குள் முதல் தலைமுறை முதியவர்களாகிவிட்டது.

வேலை தேடியவர்களுக்கு வாசல் திறந்திருந்த இடம் யுரேனியச் சுரங்கம். 1944 முதல் 1986 வரை நவஹோ நிலத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கோடி டன் தாது எடுத்தார்கள். ஆபத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, காற்றோட்டம் இல்லை. நுரையீரல் புற்றுநோயில் பலர் போனார்கள். இழப்பீட்டுச் சட்டம் 1990இல்தான் வந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைவிடப்பட்ட சுரங்கங்கள் இன்னும் கிடக்கின்றன. மலைகளைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் நம் கண்ணில் இவை படுவதில்லை.

கோட் டாக்கர்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. செய்த வேலையை வெளியில் சொல்லக் கூடாது. 1968இல் ரகசியம் விலக்கப்படும்வரை வீட்டாருக்கும் தெரியாமலே வாழ்ந்தவர்கள் உண்டு. முதல் 29 பேருக்கான தங்கப் பதக்கம் 2001 ஜூலையில் வழங்கப்பட்டது. உயிரோடு இருந்தவர்கள் ஐவர். நேரில் வாங்கிக்கொள்ள வர முடிந்தது நால்வரால்.

போட்டோ எடுத்துக்கலாமா? பணம் குடுக்கணுமா?

கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள். பணத்தை நீட்டுவதைவிட அவர்கள் விற்கும் சாப்பாட்டையோ நகையையோ பேரம் பேசாமல் வாங்குவது நல்லது. பேரம் பேசாமல் என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

அந்த மொழிதான் போரையே ஜெயிச்சுக் குடுத்துச்சு. இப்போ பேரப்பிள்ளைங்க பேசுறாங்களா?

வலிக்கிற கேள்வி. பாட்டி தாத்தா பேசுவார்கள், பிள்ளைகளுக்குப் புரியும், பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். இதற்கு வேர், மேலே சொன்ன விடுதிப் பள்ளிகளில் இருக்கிறது. முதல் 29 பேரில் ஒருவரான கார்ல் கோர்மனைப் பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகச் சங்கிலியால் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அதே மொழியைத்தான் பின்னால் அரசு வந்து கேட்டு வாங்கிக்கொண்டது. அடி வாங்கிய தலைமுறை, என் பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் வேண்டாம் என்று ஆங்கிலத்திலேயே வளர்த்தது.

மீட்கும் முயற்சியும் நடக்கிறது. 1968இல் தொடங்கிய தினே கல்லூரி, பழங்குடி மக்களே தங்களுக்காக நடத்தும் கல்லூரிகளில் அமெரிக்காவிலேயே முதலாவது. விண்டோ ராக் பக்கம் தொடக்கப் பள்ளியில் நவஹோ மொழியிலேயே பாடம் நடத்துகிறார்கள். வானொலியைத் திருப்பினால் அமெரிக்கக் கால்பந்து வர்ணனைகூட நவஹோவில் கேட்கும். அந்தப் பக்கம் வண்டி ஓட்டும்போது பாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் அதைக் கேளுங்கள்.

பையனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட். ஒரு வெட்டரனைப் பேட்டி எடுக்கணும், ஏற்பாடு பண்ணித் தர முடியுமா?

நான் யாருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் தருவதில்லை. முதலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் படைவீரர் வரலாற்றுத் திட்டத்தில் பதிவாகியிருக்கும் பேட்டிகளைப் பையன் கேட்கட்டும். கோட் டாக்கர்களின் குரலும் அங்கே உண்டு, இலவசம். அதன்பிறகும் நேரில் பேச வேண்டுமென்றால் ஊர்களில் 'சாப்டர் ஹவுஸ்' என்ற ஊர்மன்றம் இருக்கிறது, நவஹோ நாட்டில் மொத்தம் 110. படைவீரர் குழுவைப் பற்றி அங்கே விசாரிக்கலாம். ப்ராஜெக்ட்டை எந்த வாரம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். கோயோட் நரிக் கதைகளை மட்டும் கோடையில் கேட்க வேண்டாம். அவை பனிக்காலத்தில் மட்டுமே சொல்லப்படுபவை. பேட்டி முடிந்ததும் எழுதியதை அவரிடம் அல்லது அவர் மகளிடம் காட்டி, நீக்கச் சொல்வதை நீக்கிவிட்டுப் பள்ளியில் கொடுங்கள்.